எண் நான்கு நின்ற இடம்

இன்ஸ்பெக்டர் கனகசபைக்கு ஐம்பத்து மூன்று வயதில் குதிரை ஏறக் கற்றுக்கொள்ள வேண்டி வந்தது.

கடலோர நகரம் ஒன்றின் குதிரைப் படைக்கு அவரை மாற்றியிருந்தார்கள். ஆறு குதிரைகள், பதினோரு காவலர்கள், ஒரு லாயம், பயிற்சிக்கு ஒரு மணல் வட்டம். யாரும் கேட்டு வாங்கிக்கொண்டு வரும் இடமல்ல. அவரும் கேட்கவில்லை.

மணல் வட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வாசல் கம்பத்தில் பெரிய ஆணி ஒன்று அடித்திருக்கும். உள்ளே வருகிறவர் தொப்பியை அதில் மாட்டிவிட்டு வர வேண்டும். உள்ளே பதவி கிடையாது. குதிரையின் கயிற்றைப் பிடித்துத் தரையில் நிற்பவர் வாத்தியார். குதிரைமேல் இருப்பவர் மாணவர். கமிஷனரே வந்தாலும் அப்படித்தான்.

கயிற்றைப் பிடித்திருந்தவர் தலைமைக் காவலர் சகாயமேரி. முப்பத்தேழு வயது. லாயத்தில் எல்லோருக்கும் ஏட்டம்மா.

கனகசபைக்குக் கொடுத்த குதிரை எண் நான்கு. பழுப்பு நிறப் பெண் குதிரை. பதிவேட்டில் அதன் பெயர் வீரமங்கை.

முதல் வாரம் முழுவதும் வீரமங்கை நகரவில்லை.

“போ” என்றார் கனகசபை. குதிகாலால் விலாவில் தட்டினார். “போ. ஏய், போ.”

குதிரை காதை மட்டும் பின்னால் திருப்பியது.

“ஏட்டம்மா, இது காது கேக்காத குதிரையா?”

“நல்லா கேக்கும் சார். நீங்க சொல்றதுதான் அதுக்குக் குழப்பமா இருக்கு. காலால போன்னு சொல்றீங்க. கையால நில்லுன்னு சொல்றீங்க. அது எதைக் கேக்கும்?”

“நான் போன்னுதான் சொல்றேன்.”

“கையைப் பாருங்க.”

பார்த்தார். கடிவாள வார்கள் இரண்டும் இறுகி அவர் நெஞ்சோடு ஒட்டியிருந்தன.

“பயத்துல இழுக்கறீங்க. விடுங்க.”

“விட்டா ஓடிடும்.”

“இதுவா? இதுக்குப் பதினெட்டு வயசு சார். ஓடச் சொல்லி மனு குடுத்தாலும் ஓடாது.”

வட்டத்துக்கு வெளியே யாரோ சிரித்தார்கள். கனகசபை திரும்பிப் பார்க்கவில்லை. இருபத்தொன்பது வருடம் யாரும் அவர் முதுகுக்குப் பின்னால் சிரித்ததில்லை, அல்லது அவருக்குக் கேட்டதில்லை. எது சரி என்று இப்போது அவரால் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது வாரம் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது.

‘குதிரைப் படையின் ஆறு குதிரைகளால் அப்பகுதிப் பொதுமக்களுக்கு விளையும் பயன் யாது என்பதை ஒரு பக்கத்துக்கு மிகாமல் வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்கவும். தவறினால் குதிரைகளை ஏலத்தில் விட நடவடிக்கை எடுக்கப்படும். எண் நான்கு முதலில். இணைப்பில் உள்ள குறிப்பைக் காண்க.’

இணைப்பில் ஒரு தாள். அதில் ஒரே வாக்கியம்.

‘குதிரை எண் 4 பலமுறை கட்டளையிட்டும் முன்னே செல்லவில்லை.’

கையெழுத்து கனகசபையுடையது.

போன வருடம் அவர் வேறு நிலையத்தில் இருந்தபோது எழுதியது. மணல்மேட்டுக் குப்பத்தில் சாலையோர மீன்கடைகளை அப்புறப்படுத்திய நாள். கூட்டம் கலையவில்லை. கல் பறந்தது. தடியடிக்கு உத்தரவிட்டார். முன்வரிசையில் மூன்று குதிரைகள், அதற்குப் பின்னால் அவர். இரண்டு குதிரைகள் கூட்டத்துக்குள் போயின. நடுவிலிருந்த ஒன்று நின்றுவிட்டது. தொண்டை கிழியக் கத்தினார். அது அசையவே இல்லை. அதன் பின்புறத்தை மட்டும் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றார். அன்று மாலையே ஆத்திரத்தோடு அந்த ஒரு வரியை எழுதி அனுப்பினார். பிறகு அதையும் குதிரையின் எண்ணையும் மறந்துபோனார்.

அந்த வரிக்குத்தான் இப்போது அவரே பதில் சொல்ல வேண்டும்.

குதிரையால் பயன் உண்டு என்று எழுதினால் போன வருடம் எழுதியது பொய் என்றாகும். பயனில்லை என்று எழுதினால் இந்த லாயத்தைத் தன் கையாலேயே மூட வேண்டும். கனகசபை நாற்காலியில் சாய்ந்து மின்விசிறியைப் பார்த்தார். அதுவும் சுற்றவில்லை.

திங்கட்கிழமை காலை வட்டத்தில் கேட்டார்.

“ஏட்டம்மா, இந்தக் குதிரைங்களால ஜனங்களுக்கு என்ன பயன்?”

சகாயமேரி குனிந்து எண் நான்கின் முன்னங்காலைத் தூக்கினார். “இதைப் பிடிங்க சார்.”

பிடித்தார். கனமாக இருந்தது. சகாயமேரி ஒரு கொக்கியால் லாடத்துக்குள் அடைந்திருந்த மண்ணைச் சுரண்டி எடுத்தார். நான்கு காலும் முடிய அரை மணி நேரம் ஆனது.

“நான் ஒரு கேள்வி கேட்டேன்.”

“காதுல விழுந்தது சார்.”

செவ்வாய்க்கிழமை மறுபடி கேட்டார். சகாயமேரி ஒரு வாளியைக் கையில் கொடுத்தார். தண்ணீர் காட்டச் சொன்னார். குதிரை பாதி குடித்துவிட்டு மீதியை அவர் சட்டையில் ஊதியது.

“கிண்டல் பண்றீங்களா?”

“நானா? அதுதான் பண்ணுச்சு.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் எழுதணும் ஏட்டம்மா! எத்தனை திருடனைப் பிடிச்சுது, எத்தனை கூட்டத்தைக் கலைச்சுது, ஏதாவது ஒரு கணக்கு குடுங்க. ரோந்துப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துட்டேன். நாலு வருஷத்துல இந்தக் குதிரை ஒருத்தனைக்கூடப் பிடிக்கலை. தினமும் ஒரே வரி. ‘ரோந்து சென்று திரும்பியது.’ ‘ரோந்து சென்று திரும்பியது.’ இதை வெச்சு நான் என்ன எழுதறது?”

“நீங்க இன்னும் ரோந்து போகலையே சார்.”

“போகத் தெரியலையே! இது நகர்ந்தாத்தானே போறது?”

சகாயமேரிக்கும் பொறுமை போய்க்கொண்டிருந்தது. கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டார்.

“நாளைக்கு நீங்களே போங்க. தனியா. ஒண்ணே ஒண்ணு. கடிவாளத்தைத் தொடாதீங்க. அது நிக்கிற இடத்துல நில்லுங்க. அது கிளம்பினா கிளம்புங்க. எங்கெல்லாம் நின்னதுன்னு மட்டும் எழுதிக்கிட்டு வாங்க.”

“நான் குதிரையை ஓட்டணுமா, குதிரை என்னை ஓட்டணுமா?”

“தொப்பியை எடுத்துக்குங்க சார். வெயில் ஏறிடும்.”

புதன்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பினார். முகத்தைப் பாதி மறைக்கும் ரோந்துத் தொப்பி. சட்டைப்பையில் சிறிய குறிப்பேடு.

இருநூறு அடி தாண்டியதும் குதிரை ஒரு டீக்கடை முன்னால் நின்றது.

“வாடா பாப்பா” என்றார் டீ மாஸ்டர்.

கனகசபை நிமிர்ந்தார். “யாரைச் சொல்றே?”

“குதிரையை சார். வேற யாரைச் சொல்வேன்?” டீ மாஸ்டர் ரஸ்க் ஒன்றை நீட்டினார். “ஏட்டம்மா வரலையா? சரி, நீங்க புதுசா? நம்ம மீன் ஏலக்கூடத்துப் பின்னால ரெண்டு நாளா ஒரு வண்டி அநாதையா நிக்குது. பாத்து வைங்க.”

“நிலையத்துல வந்து எழுதிக் குடுக்க வேண்டியதுதானே?”

“அங்க வந்தா என் பேரையும் எங்கப்பன் பேரையும் இல்ல மொதல்ல கேக்கறீங்க? பாப்பா கேக்காது.”

கனகசபை குறிப்பேட்டில் எழுதினார். ‘நின்ற இடம் 1. டீக்கடை. காரணம் இல்லை.’

அடுத்தது அங்கன்வாடி. பத்துப் பதினைந்து குழந்தைகள் கம்பிக்கு உள்ளே நின்று ஒரே குரலில் கத்தினார்கள். “பாப்பா வந்துட்டா!” ஒரு சிறுமி கம்பி வழியாகக் கையை நீட்டிக் குதிரையின் மூக்கைத் தொட்டுவிட்டு, உடனே இழுத்துக்கொண்டு, மறுபடி நீட்டினாள். ஆயா சொன்னார்: “போலீஸ்காரரைக் கண்டா இவ கட்டிலுக்கடியில போய் ஒளிஞ்சுக்குவா சார். குதிரைன்னா மட்டும் வருவா. பயப்படாதீங்க, உங்களை அவ பாக்கவே மாட்டா.”

‘நின்ற இடம் 2. காரணம் இல்லை.’

ரேஷன் கடை வரிசை. வரிசையில் சண்டை நடந்துகொண்டிருந்தது. குதிரை வந்து நின்றதும் எல்லோரும் அதன் வால்பக்கத்திலிருந்து விலகி ஒழுங்காக ஒதுங்கினார்கள். சண்டை எங்கே போனதென்று தெரியவில்லை. ஒரு கிழவர், பழைய லாடம் இருந்தால் வேண்டும் என்றார், வாசல் நிலையில் அடிக்க. போன தடவை ஏட்டம்மா தருகிறேன் என்றாராம். எழுதிக்கொள்ளச் சொன்னார். கனகசபை எழுதிக்கொண்டார். பிறகு ஏன் எழுதினோம் என்று எரிச்சலோடு அதை அடித்தார்.

பத்து இடங்கள். மணி பத்தேமுக்கால். ஒரு மணி நேர ரோந்து மூன்று மணி நேரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. தொடை காந்தியது. தெருவில் எல்லோருக்கும் குதிரையின் பெயர் தெரிந்திருந்தது. யாரும் அவர் பெயரைக் கேட்கவில்லை.

அப்போதுதான் குதிரை மணல்மேட்டுக் குப்பத்துச் சாலையில் திரும்பியது.

கனகசபை தொப்பியை இன்னும் கீழே இறக்கிக்கொண்டார். அந்த நாளுக்குப் பிறகு அவர் இந்தப் பக்கம் வந்ததில்லை. சாலை அகலமாகியிருந்தது. மீன்கடைகள் பத்தடி பின்னால் தள்ளி, தகரக் கூரையோடு இருந்தன. சீக்கிரம் கடந்துவிட்டால் போதும் என்று நினைத்தார்.

டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் வளைவில், நடுச்சாலையில், குதிரை நின்றது.

அங்கே கடை இல்லை. வாசல் இல்லை. ஆள் இல்லை. வெறும் தார். குதிரை தலையைத் தாழ்த்தி அந்தத் தாரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

பின்னால் பேருந்து ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

“போ” என்றார் கனகசபை. “ஏய், இங்க என்ன இருக்கு? போ.”

நிற்கிறது.

“உன்னால என் மானம் போகுது. போ!”

நிற்கிறது. பேருந்து ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். “சார், குதிரை ரிப்பேரா?”

கனகசபை வார்களை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு, குதிகாலால் ஓங்கி விலாவில் அடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினார்.

“முன்னே போ! முன்னே போ!”

கடைகளில் பேச்சு நின்றது.

தகரக் கூரைக்கு அடியிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். ஐம்பது வயதிருக்கும். பெயர் தேசம்மா என்று பக்கத்துக் கடைக்காரி கூப்பிட்டதிலிருந்து தெரிந்தது. “தேசம்மாக்கா, இரு, போவாத” என்றாள் அவள். தேசம்மா கேட்கவில்லை. மடியிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்தபடி சாலைக்கு வந்தாள். பேருந்தைப் பார்த்துக் கையைக் காட்டினாள். பேருந்து வலப்பக்கம் ஒதுங்கிப் போனது.

“இன்னாத்துக்கு அத்த அடிக்கிறே?” என்றாள். “நிக்கட்டும். இங்க நின்னுட்டுத்தான் போவும்.”

“இங்க என்ன இருக்கு?”

“இப்ப ஒண்ணும் இல்ல. அன்னிக்கு நான் இருந்தேன்.”

இடது கையால் பழத்தை உரித்துக் குதிரைக்குக் கொடுத்தாள். வலது கையை இடுப்போடு வைத்திருந்தாள். அதன் விரல்கள் மடங்கவில்லை.

“கடையை எடுக்க வந்தாங்க இல்ல, அன்னிக்கு. கையில ஒரு அடி. கீழ வுழுந்துட்டேன். எந்திரிக்க முடியல. ஜனங்க என்னைத் தாண்டி ஓடுது. பாத்தா, மேல குதிரை. இதோட முன்னங்கால் ஒண்ணு இங்க.” தாரில் ஒரு இடத்தைக் காலால் காட்டினாள். “இன்னொண்ணு இங்க. நடுவுல என் தல.”

கனகசபை வார்களைத் தளர்த்தினார்.

“பின்னாலேந்து ஒருத்தன் கத்திக்கினே இருக்கான். வுடவே இல்ல. இது போவல. மரம் மாதிரி நின்னுச்சு. மேல இருந்தது யாருன்னு தெரியல, அவங்களும் அடிக்கல, இழுக்கல. சும்மா ஒக்காந்துனு இருந்தாங்க. ஜனம் எல்லாம் போனப்புறம் பின்னால ரெண்டடி வெச்சுது. அப்பத்தான் நான் எந்திரிச்சேன்.” குதிரையின் தாடையைத் தடவினாள். “இப்ப தெனம் பழம் குடுக்கறேன். கடையாண்ட குடுத்தா துன்னாது. இங்க வந்து குடுத்தாத்தான் துன்னும். இதுக்கு இந்த எடம்தான்.”

கனகசபை கேட்கக் கூடாது என்று நினைத்தார். கேட்டார்.

“கத்தினவன் யாருன்னு தெரியுமா?”

“மூஞ்சி எங்க தெரிஞ்சுது? எனக்குக் குதிரை வயிறுதான் தெரிஞ்சுது.” தேசம்மா முதல் முறையாக அண்ணாந்து தொப்பிக்கு அடியில் பார்த்தாள். “கொரல் கேட்டுச்சு. இப்ப நீ கத்தினியே, அந்த மாதிரி.”

பழத்தோலைச் சுருட்டிக்கொண்டு கடைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். ஒரு சங்கரா மீனை எடுத்துச் செதில் சீவ ஆரம்பித்தாள், இடது கையால்.

கனகசபை குதிரையிலிருந்து இறங்கினார். இறங்கியதும்தான், லாயத்துப் படிக்கட்டு இல்லாமல் தன்னால் மறுபடி ஏற முடியாது என்பது நினைவுக்கு வந்தது. கடை வரை போய் நிற்க வேண்டும் என்று தோன்றியது. நான்கு அடி வைத்தார். திரும்பி வந்து வாரைப் பிடித்துக்கொண்டார். குதிரை தானாகக் கிளம்பியது. லாயம் வரை இரண்டு கிலோமீட்டர் நடந்தார்.

சகாயமேரி மணல் வட்டத்தில் புல்கட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தார். கனகசபை வாசலில் தொப்பியை மாட்டினார். ஆணியிலிருந்து ஒரு தடவை விழுந்தது. எடுத்து மறுபடி மாட்டினார்.

“விழுந்துட்டீங்களா சார்?”

“இல்ல. இறங்கிட்டேன்.”

“எத்தனை இடத்துல நின்னது?”

குறிப்பேட்டை எடுத்தார். பத்து இடங்களுக்கு நேராகவும் ‘காரணம் இல்லை’ என்றிருந்தது. பதினொன்றாவது எழுதப்படவில்லை. மறுபடி சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“போன வருஷம் மணல்மேட்டுக் குப்பத்துல இதுமேல யார் இருந்தது?”

“நான்தான் சார்.”

“என்னைத் தெரியுமா அப்போ?”

“குரல் தெரியும். நீங்க இங்க வந்த முதல் நாளே தெரிஞ்சது.”

“முன்னால ஒரு பொம்பளை கிடக்கறான்னு அன்னிக்கே ஏன் சொல்லலை?”

“யாரும் கேக்கலையே சார்.”

“நான் குறிப்பு எழுதி அனுப்பினேன்.”

“தெரியும். ஒரு நகல் இங்க வந்துச்சு. எண் நாலோட பணிப்பதிவேட்டுல இருக்கு.”

“மூணு வாரமா என்னை இது மேல உக்கார வெச்சு, கையைப் பாருங்க, கையைப் பாருங்கன்னு... வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?”

“சொல்லியிருந்தா விளக்கம் கேட்டு எனக்கு ஒரு மெமோ குடுத்திருப்பீங்க.”

அது உண்மைதான். கொடுத்திருப்பார்.

குதிரை புல்கட்டில் மூக்கை நுழைத்தது. சகாயமேரி அதன் கழுத்திலிருந்த வியர்வையை வைக்கோலால் துடைக்க ஆரம்பித்தார். கனகசபை வேலியில் சாய்ந்து நின்றார். உட்கார முடியாத அளவுக்குத் தொடை எரிந்தது.

“நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை” என்றார்.

“ஆமா சார்.”

“பயன் உண்டுன்னு நான் எழுதினா யாரும் நம்ப மாட்டாங்க. போன வருஷக் குறிப்பு கூடவே இருக்கு. என் கையெழுத்து. அந்தக் குறிப்பை வாபஸ் வாங்கிடறேன். தப்பா எழுதிட்டேன்னு எழுதிக் குடுத்துடறேன். அதுதான் வழி. இல்லையா?”

சகாயமேரி துடைப்பதை நிறுத்தாமல் சொன்னார்.

“எதுக்கு சார்? அதுல ஒரு எழுத்துகூடத் தப்பில்ல. பலமுறை கட்டளையிட்டும் முன்னே செல்லவில்லை. போகலதான். அந்த வாக்கியத்தை அப்படியே எழுதுங்க.”

“அதையே திரும்பவா? ஏட்டம்மா, நான் உங்ககிட்ட வழி கேக்கறேன். விளையாடாதீங்க.”

சகாயமேரி வைக்கோலைக் கீழே போட்டார். அலுப்போடு ஒரு மூச்சு விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்.

“கீழே கிடந்தது யாருன்னு அதுக்கு முன்னால ஒரு வரி எழுதுங்க. பின்னால நின்னு கத்தினது யாருன்னு இன்னொரு வரி. அது ரெண்டும்தான் சார் விட்டுப்போச்சு.”